எங்கள் வீட்டில் எலும்பு தானாக உடைந்ததே இல்லை

மூத்தவளே,

போன மாதம் உன் டாக்டர் போனில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்களை நம்பி, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நீ திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாய். நாற்பத்தொரு வயதில் உனக்கு மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆகிறது. உன் எலும்பு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இதுதான். பார்க்கவிடாமல் செய்தவள் நான். இதைச் சொல்ல நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் நீ சிரித்தாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உன் தங்கையைப் பெண் பார்க்க முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஆறு பேர் வந்து நம் ராமநாதபுரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்ததிலிருந்து கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். உன் தங்கை குனிந்து தட்டு வைத்தபோது முதுகை அளந்தார், நிமிர்ந்து சிரித்தபோது பல்லை அளந்தார். அவள் தபால் துறைத் தேர்வெழுதி வேலை வாங்கியவள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் உன் போன் வந்தது. தங்கைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, எல்லாரும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டேன். பெருமைக்குச் செய்ததுதான். பெருமை எனக்கு எப்போதுமே நல்லது செய்ததில்லை.

"அம்மா, டாக்டர் உன்கிட்ட ஏதோ கேக்கணுங்கிறாங்க" என்றாய் நீ. உடனே அவர் குரல். "வணக்கம்மா. உங்க குடும்பத்துல யாராவது, சும்மா நின்ன எடத்துலேருந்து விழுந்து, இடுப்பு எலும்போ முதுகெலும்போ ஒடஞ்சவங்க இருக்காங்களா? அம்மா வழி, அப்பா வழி, ரெண்டுலயும் யோசிச்சுச் சொல்லுங்க." மாப்பிள்ளையின் அம்மா பூந்தியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டார். நான் யோசிக்கவே இல்லை. "அப்படி யாருமே இல்லையே டாக்டர். எங்க வம்சத்துல எல்லாருக்கும் எலும்பு தேக்குக் கட்டை மாதிரி" என்றேன். உன்னைப் பெற்ற அய்யா சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு அது எப்போது வந்திருக்கிறது? "எங்காத்தா எம்பது வயசுலயும் நெல்லுக் குத்துனாங்கள்ல!" என்று எடுத்துக்கொடுத்தார். உன் அப்பத்தா செத்தது அறுபத்தொன்பது வயதில். பூந்தி மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குள் போயிற்று.

அடுத்த கேள்வி, எனக்கு மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்று. மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே துவைக்கிற கல்லும் பப்பாளி மரமும் தவிர யாருமில்லை. "அம்பத்திரண்டு" என்றேன். உண்மை நாற்பத்திரண்டு. முதல் பொய்க்கு மாப்பிள்ளை வீட்டாரைக் காரணம் காட்டலாம். இந்த இரண்டாவது பொய்யை நான் யாருக்காகச் சொன்னேன்? பப்பாளி மரத்துக்காகவா?

டாக்டர் உன்னையும் கேட்டிருப்பார். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "எங்க அப்பத்தா ராமேஸ்வரத்துல வழுக்கி விழுந்தாங்க, பெரியம்மாவ ஆடு இழுத்துருச்சு, அதெல்லாம் ஆக்சிடென்ட் டாக்டர்" என்று சொல்லியிருப்பாய். அப்படித்தானே உன்னை வளர்த்தோம்! நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் எலும்பு தானாக உடைந்ததே இல்லை. ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு குற்றவாளியைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்துவிடுவோம். குற்றவாளி கிடைத்துவிட்டால் அதற்குமேல் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு சோம்பேறித்தனத்தை நியாயம் என்று பெயர் வைத்துக் கொண்டாடும் குடும்பத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

உன் பெரியம்மாவை எடுத்துக்கொள். என் அக்காவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது கிடாயை இவளிடம் விட்டுப் போனார். சாயங்காலம் அதை அவிழ்த்துக் கட்டும்போது அது தழையைப் பார்த்துக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தது. அக்கா உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படி விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். அக்காவுக்கு முதுகெலும்பு நசுங்கிவிட்டது. உடனே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நினைக்காதே. முதலில் வெளியூரிலிருந்த கிடாய்க்காரரை வரவழைத்து வைத்து விசாரணை நடந்தது. "ஏப்பா, கயித்தத்தான இழுத்துச்சு, முட்டவா செஞ்சுச்சு?" என்று அவர் கெஞ்சினார். "இழுத்ததுதாம்ல குத்தம். புடிச்சிருக்கது பொம்பளன்னு தெரிய வேணாம் அதுக்கு?" என்று உன் பெரியப்பா கத்தினார். ஊரும் தலையாட்டியது. கிடாயை அபராதமாக வாங்கி, அடுத்த வாரமே அறுத்து, அதன் நாலு காலையும் சூப்பு வைத்து அக்காவுக்கே கொடுத்தார்கள். எலும்புக்கு எலும்பாம். கறி முழுவதும் ஆண்கள் இலையில் விழுந்தது. அக்கா கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் காலு என்னைய இழுத்துச்சுன்னு சொல்லுங்க, அத மொதல்ல குடிக்கிறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

முட்டையும் உளுந்தமாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர் வந்து அவள் முதுகில் கட்டினார். உடைந்த கைக்குக் கட்டுவதையே முதுகுக்கும் கட்டினார். கட்டு அவிழ்ந்தபோது அவள் வளைந்திருந்தாள். அதற்குப் பிறகு எந்த ஆடும் இல்லாமலே, ஒரு தடவை குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதில் ஒன்று, பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியதில் ஒன்று என்று மேலும் இரண்டு எலும்புகள் நசுங்கின. இப்போது அவள் பார்ப்பதெல்லாம் தரையைத்தான். "எனக்கு இப்ப ஆளு மொகமெல்லாம் மறந்துபோச்சு. கால வச்சே ஆரு வாரான்னு சொல்லிப்புடுவேன்" என்கிறாள். போன பொங்கலுக்கு நீ போனபோதுகூட, "வாத்தா, செருப்பு புதுசா இருக்கு" என்றுதான் உன்னை வரவேற்றாள். நீ சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாய். அவள் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது உனக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

உன் அப்பத்தாவின் கதை இதைவிடக் கேவலம். அதற்கு நானே சாட்சி. தாத்தாவின் திதிக்காக ராமேஸ்வரம் போயிருந்தோம். கடலில் முழுகி, தீர்த்தமெல்லாம் ஆடி, ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாயிற்று. மாமியாரான அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைக்கத் திரும்பினார். நல்ல வெயில். தரை காய்ந்து சுட்டது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சூடு தாங்காமல் நான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். திரும்பியவர் அப்படியே சாய்ந்தார். இடுப்பு எலும்பு. அவரைத் தூக்கும் முன்பே உன் அய்யா சொல்லிவிட்டார்: "தீர்த்தத் தண்ணி. வழுக்கிருச்சு." அத்தை வலியோடு, "வழுக்கலடா, காலு நிக்கல" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. தீர்த்தத்தில் வழுக்கி விழுந்தால் புண்ணியம் என்று ஒரு மாமா கண்டுபிடித்தார். அதன்பிறகு கால் நிற்கவில்லை என்று சொல்ல அத்தைக்கே வெட்கமாகிவிட்டது போல, வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அவரும் வழுக்கியது என்றே சொல்லத் தொடங்கினார். தரை காய்ந்திருந்தது என்று நான் ஒருத்தி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் புண்ணியத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கெதற்கு? மதுரையில் அறுவை செய்தும் அவர் எழவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். "வயசாச்சுல்ல" என்றார்கள். கிடாய் எதுவும் கிடைக்காத இடத்தில் வயதைக் குற்றவாளியாக்கிவிடுவது சுலபம். அதை அறுத்துத் தின்னத்தான் முடியாது.

மூன்றாவது நான். ஐம்பத்தாறு வயதில் நம் வீட்டு நிலைப்படி தடுக்கி, கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. உன் அய்யா இந்தத் தடவை பெரிய இடத்துக்குப் போனார். வாஸ்து பார்க்கிறவரை அழைத்துவந்தார். அவர் வாசலின் முன்னால் நின்று கண்ணை மூடித் திறந்து, "தெக்க பாத்த வாசலு, பொம்பளைக்கு ஆகாது" என்றார். முப்பது வருடம் புழங்கிய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுக் கிழக்கே புதிதாகத் திறந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளி முதலில் கக்கூஸ் கதவைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் நம்மைப் பார்க்கிறார். கையிலே கட்டோடு சிமெண்ட் குழைத்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாசலை இடம் மாற்றத் துணிந்த மனிதருக்கு, ஒரு எலும்பை எக்ஸ்ரே தாண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இதில் மகா கேவலம்.

நான் யார்? அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவள். தொங்கிக்கொண்டிருந்த எலும்புக்கூட்டை வாராவாரம் துணி வைத்துத் துடைத்தவள். உயிரியல் ஆசிரியை பாடம் நடத்தும்போது பின்னறையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டே ஒரு வரி விடாமல் கேட்டவள். பத்தாம் வகுப்போடு என்னைக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். படிப்பு ஆசை அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. பிள்ளைகள் விடை தெரியாமல் விழிக்கும்போது பின்னறையில் எனக்கு நாக்கு துறுதுறுக்கும். மரபு பற்றிய பாடத்தை அந்தப் பிள்ளைகளைவிட அதிகத் தடவை கேட்டிருக்கிறேன். பட்டாணிச் செடி நெட்டையா குட்டையா என்று உறக்கத்திலும் சொல்வேன். என் அக்கா குட்டையாகிக்கொண்டே வந்ததை மட்டும் பார்க்கவில்லை. படித்ததைப் பள்ளிக்கூடத்துக் கொக்கியிலேயே மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கிடாயைத் திட்டினேன்.

போனில் பொய் சொன்ன மறுநாள், பரணிலிருந்து உன் பழைய பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை எடுத்தேன். எட்டவில்லை. ஸ்டூல் போட்டு எடுத்தேன். முன்பு சும்மா நின்று கை நீட்டி எடுத்த இடம் அது. சேலைக் கொசுவமும் இரண்டு மூன்று வருடமாகத் தரையில் புரள்கிறது, துணி நீண்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். மாவட்ட நூலகத்தில் போய் வேறு இரண்டு புத்தகங்களும் எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அதில் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது இருந்தாலும் பொறுமையாகக் கேள்.

எலும்பு செத்த கட்டை கிடையாது. அது தினமும் கரைந்து, தினமும் கட்டப்படுகிறது. முப்பது வயதுவரை கட்டுவது அதிகம், பிறகு கரைவது மெல்ல மெல்லக் கூடுகிறது. பெண் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் அந்தக் கரைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. மாதவிலக்கு நிற்கும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது. அடுத்த சில வருடங்கள் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வலியே இருக்காது. உடையும்போதுதான் தெரியும். ஐம்பதில் நிற்பவளைவிட நாற்பதில் நிற்பவளுக்குப் பத்து வருடம் முன்பே அது தொடங்கிவிடுகிறது. யாருக்கு எவ்வளவு கெட்டியான எலும்பு அமைகிறது, எவ்வளவு வேகமாக அது கரைகிறது என்பதில் பெரும் பங்கு பிறப்போடு வருவது. அதற்கென்று ஒற்றை மரபணு இல்லை. சிறிது சிறிதாகத் தள்ளுகிற பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. எலும்புக்கூடு சிறியதா பெரியதா, உடம்பு சுண்ணாம்புச் சத்தை எப்படிப் பிடிக்கிறது, ஏன், மாதவிலக்கு எந்த வயதில் நிற்கிறது என்பதுவரை அதில் வருகிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் உன் டாக்டர் முதலில் அதைக் கேட்டார். அவர் என் குடும்பப் பெருமையைக் கேட்கவில்லை, உன் எலும்பைப் பற்றிக் கேட்டார். இது கட்டாயம் வந்தே தீரும் என்றும் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் மருந்துண்டு, மாத்திரையுண்டு, செய்ய வழி உண்டு என்றுதான் சொல்கிறது.

இதில் இன்னொன்று. ஆசிரியை கரும்பலகையில் போடுவது போல, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று நம் குடும்பத்தை வரைந்து பார்த்தேன். எலும்பு முறிந்த வட்டங்களுக்கு மட்டும் பென்சிலால் கறுப்படித்தேன். பாடப் புத்தகத்தில் கோடுகள் மரம் மாதிரி விரியும். நம் வீட்டில் விரியவே இல்லை. உன் அப்பத்தா என் அப்பாவின் கூடப்பிறந்தவர். நான் கட்டியது அவர் மகனை, என் அத்தை மகனை. எங்களுக்கு முன்னால் உன் அப்பத்தாவும் அப்படியே சொந்தத்துக்குள் கட்டியவர். அம்மா வழி, அப்பா வழி என்று டாக்டர் இரண்டு வாசலைக் கேட்டார். உனக்கு இருப்பது ஒரே வாசல். என் அக்காவுக்கும் எனக்கும் அப்பா வழியாக வந்தது, உன் அய்யாவுக்கு அவர் அம்மா வழியாக வந்தது. உனக்கு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்றார்களே, விட்டுப்போகவில்லை, எலும்புவரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. "எங்க ரத்தம், எங்க வம்சம்" என்று மீசையைத் தடவுகிற ஒருவருக்கும், அந்த ரத்தத்தில் இதுவும் ஓடுகிறது என்று தெரியாது. இதை ஆண்களும் சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று உன் அய்யாவிடம் சொன்னேன். "என் எலும்புக்கு என்ன கொறச்சல்? ஓந்தலையில எவனோ புத்தகத்த ஏத்திவிட்டுட்டான்" என்றார். படத்தைக் காட்டினேன். தன் கட்டம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார்.

இப்போது இரண்டாவது பொய். இதை எழுதக் கை கூசுகிறது. எனக்கு நாற்பத்திரண்டில் நின்றது என்று உன் அய்யாவுக்கே தெரியாது. நம் சொந்தத்தில் சீக்கிரம் நின்றவளை "வறண்டவ" என்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பயந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்ற பிறகும் ஐந்து வருடம், மாதம் மூன்று நாள், வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி விளக்கேற்றாமல் ஒதுங்கியிருந்தேன். காலண்டரில் புள்ளி வைத்து, தேதி தவறாமல், பெட்டிக்கடையில் நாப்கினைக் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் எரித்தேன். நீ அப்போது கல்லூரியில். விடுமுறைக்கு வந்தபோது, "அம்மாவுக்கு மட்டும் கரெக்டா இருவத்தெட்டு நாள்" என்று பொறாமைப்பட்டாய். அந்த ஐந்து வருடம்தான் என் எலும்பு வேகமாகக் கரைந்த ஐந்து வருடம். ஒரு டாக்டரிடம் போய் வாய் திறந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கலாம். நான் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவோ முட்டாள்களை இந்தக் கடிதத்தில் திட்டியிருக்கிறேன், இப்படி ஒரு முட்டாளை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. உனக்கு நாற்பதில் நின்றபோது நீ என்னிடம் அழுதாயே, "ஏம்மா எனக்கு மட்டும்?" என்று. உனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுகூட நான் சொல்லவில்லை.

உன்னையும் விடப்போவதில்லை. நான் போனில் உண்மையைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "நீ ரிட்டயர் ஆனதுலேருந்து எதையாவது படிச்சிட்டு உனக்கு வியாதி தேடுற. நான் வாரத்துல நாலு நாள் ஜிம்முக்குப் போறேன்மா. பால் குடிக்கிறேன்." பளு தூக்குவது நல்லது, நிறுத்தாதே. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று கையைப் பார்ப்பதால் இடுப்பெலும்பு தெரியாது. "அதான் யாருக்கும் இல்லன்னு சொன்னியே, இப்ப மாத்தி மாத்திப் பேசுற. டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எங்கம்மா பொய் சொன்னாங்கன்னா?" ஆமாம், அப்படியே சொல். உனக்கு வெட்கமாக இருக்கிறதென்றால், நீயும் இந்த வம்சம்தான். அவர்கள் வழுக்கியது என்றார்கள், நீ ஜிம் என்கிறாய். படித்து, வேலை பார்த்து, திருச்சியில் வீடு கட்டிய பிறகும் அதே புத்தி.

மாப்பிள்ளையின் அம்மா போன வாரம் தேதி குறிக்கப் போன் செய்தார். அவரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று பேருக்கு முறிந்தது, எனக்கு நாற்பத்திரண்டில் நின்றது, உங்களிடம் சொன்னது பொய் என்று. "இதெல்லாம் எதுக்கு மதினி வெளிய சொல்லிக்கிட்டு? எங்கம்மாவுந்தான் கூனிப்போயித்தான் செத்தாங்க. அது தண்ணிக்கொடம் தூக்குனது" என்றார். அங்கேயும் ஒரு குற்றவாளி தயாராக இருந்தது. "கொடமெல்லாம் இல்ல மதினி, நீங்களும் ஒருவாட்டி பாத்துக்கங்க" என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. "பாத்துச் சொல்லுறோம்" என்று வைத்துவிட்டார். பார்த்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் அய்யா என்னோடு பேசுவதில்லை. உன் தங்கையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா. அந்தம்மா எம்பல்லக்கூட எண்ணுனாங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா வாயத் தொறக்கச் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வெளியே போனவள் திரும்பி வந்து, "எனக்கும் அதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடு" என்றாள். இருபத்தொன்பது வயதில் கேட்கிறாள். நாற்பத்தொன்றில் நீ சிரிக்கிறாய்.

அதனால் இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவில், இதையும் போடப்போகிறேன். அதிலே பெண் பிள்ளை பெற்றவர்கள் பாதிக்கு மேல். என்னைத் திட்டட்டும். திட்டி முடித்த பிறகு ஒருத்தியாவது தன் அம்மாவிடம் போய் எப்போது நின்றது என்று கேட்பாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உன் டாக்டரிடம் உன் தங்கை உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறாள். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய். அத்தையின் இடுப்பு எக்ஸ்ரே மதுரையிலிருந்து வந்த உறையிலேயே இன்னும் இருக்கிறது, அதை எடுத்துவைத்துவிட்டேன். அக்காவை நாளைக்கு ராமநாதபுரம் கூட்டிவந்து முதுகைப் படம் எடுக்கப்போகிறேன். என் மணிக்கட்டுப் படமும் இருக்கிறது. மூன்றையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் முதல் பேருந்தில் ஏறுகிறேன். நீ பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும். நேரே ஆஸ்பத்திரிக்கு வா. அவர்கள் உன் பெயரைக் கூப்பிடும்போது நீ அங்கே இருந்தால், உன் பின்னால் நின்றுகொண்டு டாக்டர் கேட்கிறதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வேன். நீ இல்லாவிட்டால், உன் பெயருக்கு நானே எழுந்து உள்ளே போவேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து, இவளைப் பெற்றவள் நான், போன மாதம் நான் சொன்னதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எழுதி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டேன். நீ வந்து எழுப்புகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அம்மா